முதலில் ஒரு பட்டியல்

பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் ஆவணப் பிரிவு என் பொறுப்பில் இருந்த ஆண்டுகளில், மேலிடத்திலிருந்து வந்த கேள்விகள் பெரும்பாலும் இரண்டே வகை. பட்டியல் வேலை எப்போது முடியும் என்பது ஒன்று. பராமரிப்புக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்பது மற்றொன்று. முதல் கேள்வி நூலகரிடம் போகும், இரண்டாவது கட்டடப் பிரிவுக்குப் போகும், பதில்கள் இரு வேறு கோப்புகளில் சேரும். பட்டியலிடுவது படித்தவர் மேசையில் உட்கார்ந்து செய்யும் வேலை. பராமரிப்பு என்றால் தூசி தட்டுவது, மருந்தடிப்பது, ஏசிக்கு ஆள் கூப்பிடுவது. இந்தப் பாகுபாடு நம் நிறுவனங்களில் ஊறிப்போன ஒன்று. பணியில் இருந்தபோதே எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஓய்வுக்குப் பின் அந்தமானின் மின்னி பேயில் இருந்துகொண்டு, இந்தத் தீவுகளின் காகிதங்களுக்கு என்னென்ன நேர்ந்தன என்று படித்துவரும்போது அந்த எண்ணம் இன்னும் கெட்டிப்பட்டிருக்கிறது. ஈரம் மிகுந்த ஊரில் பட்டியலிடுவதே பராமரிப்பின் முதல் வேலை. நான் சொல்வது சேகரத்தின் ஒரு மூலைக்கு மட்டும் இழைத்து இழைத்துப் போடும் பட்டியலை அல்ல. கடைசிக் கட்டு வரை எல்லாவற்றையும் தொட்டுவிட்டு, கரடுமுரடாகவாவது போட்டுமுடிக்கும் பட்டியலை.

இங்கே காகிதத்துக்கு எதிரி யார் என்று தேடிப்போக வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமும் பெய்துவிட்டுப் போகும். இடையில் உலர்ந்த மாதங்கள் கொஞ்சம்தான். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். இந்தக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்கு மேலேதான் கழிகிறது. உப்புக் காற்று வேறு. கோப்பில் குத்திய குண்டூசி துருப்பிடிக்கும், துரு தாளில் இறங்கும், சில ஆண்டுகளில் ஊசி இருந்த இடத்தில் பழுப்பு விளிம்போடு ஓர் ஓட்டைதான் மிஞ்சும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மரக்கூழ்த் தாள் வந்தபின் அமிலம் தாளுக்குள்ளேயே குடியேறிவிட்டது. இராமபாணம், வெள்ளிப்பூச்சி, கரையான் ஆகியவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவற்றுக்குப் பொதுவான குணம் ஒன்று உண்டு: எல்லாமே ஓசையில்லாமல், திறக்கப்படாத கட்டுக்குள்தான் செழிக்கும். ஆகவே ஒரு கட்டை அவிழ்க்காமல், அதன் முறை வரும்போது விரிவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆண்டுக்கணக்கில் ரேக்கில் வைத்திருப்பவர், தான் எதுவும் செய்யவில்லை என்று நினைத்துக்கொள்ளலாம். உண்மையில் அவர் அதைப் பூஞ்சணத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். முழுச் சேகரத்துக்கும் பட்டியல் போடுகிறவரோ ஒவ்வொரு கட்டையும் ஒருமுறையாவது அவிழ்த்தாக வேண்டும். அந்த அவிழ்ப்பில் காற்றுப் படுகிறது, ஊசி வெளியே வருகிறது, ஈரமானது தனியே எடுக்கப்படுகிறது. எங்கள் பிரிவில் பட்டியல் தாளின் கடைசிப் பத்தியைக் கட்டின் உடல்நிலைக்கென்றே ஒதுக்கியிருந்தோம்: நன்று, ஈரம், பூச்சி, உடனே கவனி. மருந்தோ, பெட்டியோ, பழுதுபார்ப்போ எது வாங்குவதானாலும் அந்தப் பத்தியைப் பார்த்துத்தான் வாங்கினோம்.

நம் ஏட்டு மரபும் இதற்குச் சாட்சி. பனையோலை நம் தட்பவெப்பத்தில் சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்குவது அரிது. பழைய நூல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்ததற்கு ஓலையின் உறுதி காரணமல்ல. எடுத்துப் படித்து, எண்ணெய் தடவி, வசம்பு வைத்து, சிதையுமுன் புது ஓலையில் பெயர்த்து எழுதிய கைகளே காரணம். எடுப்பார் இல்லாத ஏடு என்ன ஆகும் என்பதை உ.வே.சாமிநாதையர் பதிவு செய்திருக்கிறார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுணபாண்டியர் காலத்து ஏடுகளைத் தேடிப் போனபோது, அவை ஆகம விதிப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டுவிட்டன என்ற பதில்தான் அவருக்குக் கிடைத்தது. அதைச் செய்தவர்கள் பகைவர்கள் அல்லர், பக்தர்கள். குவியலில் என்ன இருந்தது என்று தெரிந்திருந்தால் அதே பக்தியோடு அவற்றைக் காத்திருப்பார்கள். ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போன ஏடுகளுக்கும் இதே கதைதான்.

அந்தமானுக்கு வருவோம். இங்கிருந்த தண்டனைக் குடியேற்றம் பதிவேட்டோடு பிறந்தது. 1858 மார்ச்சில் பிரிட்டிஷ் அதிகாரி ஜே.பி. வாக்கர் இருநூறு கைதிகளோடு வந்திறங்கிய நாள் முதல் ஆள், தண்டனை, வேலை, நோய், மரணம் எல்லாம் எழுதப்பட்டன. கைதியின் கழுத்தில் தொங்கிய மரவில்லையில் எண்ணும் தண்டனை விவரமும் விடுதலை நாளும் இருக்கும். அந்த எண் பதிவேட்டில் உள்ள வரிக்குக் கொண்டுபோய்விடும். இந்தக் காகிதங்களின் தலைமையிடம் ராஸ் தீவு. 1941 ஜூன் 26 அன்று பெரும் நிலநடுக்கம் தீவுகளை உலுக்கியது. 1942 மார்ச் 23 அன்று ஜப்பானியர் இறங்கினர், 1945 அக்டோபர் வரை இருந்தனர். அந்தக் கொந்தளிப்பில் உள்ளூர் அலுவலகங்களின் பழைய தாள்களில் பெரும்பகுதி போயிற்று. ஆக்கிரமிப்புக் காலத் தாள்களோ இன்னும் அரிது. ஆனாலும் தண்டனைக் குடியேற்றத்தின் வரலாற்றைச் சதத்ரு சென், கிளேர் ஆண்டர்சன், அபர்ணா வைதிக் போன்றோரால் விரிவாக எழுத முடிந்திருக்கிறது. போர்ட் பிளேரின் கடிதங்களும் அறிக்கைகளும் கல்கத்தாவில் உள்துறைக்குப் போயாக வேண்டும் என்ற விதி இருந்தது. அங்கிருந்து நடவடிக்கைத் தொகுதிகளின் இன்னொரு படி லண்டனுக்குப் போயிற்று. டெல்லியின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்துறையின் போர்ட் பிளேர் கிளைத் தொகுதிகள் இன்றும் வரிசையாக இருக்கின்றன. எது, எங்கே இருக்கிறது என்ற குறிப்பு ஓரிடத்துக்கு மேல் இருந்ததால் அவை பிழைத்தன. ராஸ் தீவின் ஈரத்தில் நன்றாகப் பராமரிக்கப்பட்டதால் பிழைக்கவில்லை.

ஆனால் கல்கத்தாவுக்குப் போனது, மேலிடத்துக்குத் தெரிய வேண்டும் என்று அதிகாரிகள் நினைத்தது மட்டும்தான். எந்தக் கைதிக்கு எந்தத் துண்டு நிலம், யார் யாரை மணந்தார், எந்தப் பிள்ளை எந்தப் பள்ளியில் சேர்ந்தது என்ற கீழ்மட்டக் குறிப்புகளில் மிகச் சிலவே கடல் தாண்டின. இது வரலாற்று மாணவரின் வருத்தம் மட்டுமல்ல. இங்கே 'லோக்கல் பார்ன்', 'ப்ரீ-42' என்ற பெயர்கள் அரசாணையில் இருப்பவை. 1942க்கு முன்பே குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறார்கள். அதை நிறுவ வேண்டிய குடும்பத்துக்குப் பாட்டனார் பெயர் உள்ள ஒரே ஒரு தாள் எவ்வளவு பெரிய சொத்து என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

2004 டிசம்பர் 26இன் சுனாமி இதே பாடத்தை இன்னொரு முறை நடத்தியது. தெற்கு அந்தமான் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்து, சிப்பிகாட் வயல்களில் கடல் புகுந்து தங்கிவிட்டது. கார் நிக்கோபாரிலும் கச்சாலிலும் கரையோரக் கிராமங்கள் இருந்த இடம் தெரியாமல் போயின. கச்சால் தமிழர்களுக்கு அந்நியமான ஊர் அல்ல. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களில் சிலவற்றை 1970களில் அங்கே ரப்பர் தோட்டத்தில்தான் குடியமர்த்தினார்கள். கிராமமே போன இடத்தில் தலைமையாசிரியர் அலமாரியிலும் கேப்டன் எனப்படும் கிராமத் தலைவர் வீட்டிலும் இருந்த பதிவேடுகள் நின்றிருக்க வழியில்லை. அவற்றை நுணுக்கமாக அட்டவணைப்படுத்தியிருக்க வேண்டும் என்று சொல்வது வீண். சுனாமிக்குமுன் யாரேனும் ஊர் ஊராகப் போய், இந்தப் பள்ளியில் இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை சேர்க்கைப் பதிவேடு, இத்தனை தொகுதி, இந்த நிலைமையில் என்று ஒரு வரி எழுதி, அதன் நகலை வேறொரு தீவில் வைத்திருந்தால், எதை இழந்தோம் என்றாவது இன்று சொல்ல முடியும். யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 97,000 நூல்கள் என்ற எண்ணைத்தான் சொல்கிறோம். 1981 ஜூன் முதல் நாளின் அந்த நெருப்பை நினைவுகூர எண் போதும். எரிந்த ஏட்டுக்கு வேறெங்காவது படி உண்டா என்று தேடக் கிளம்புகிறவருக்கு எண்ணால் பயனில்லை, தலைப்புகள் வேண்டும்.

கரடுமுரடான பட்டியல் எவ்வளவு தூரம் உழைக்கும் என்பதற்கு என்னிடம் உள்ள மிக நல்ல சான்று கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சியின் சேகரம். மெக்கன்சி 1821இல் இறந்தார். அவருக்காகத் தென்னாடு முழுவதும் சுற்றி ஏடும் கல்வெட்டும் ஊர்க்கதையும் திரட்டிய காவலி வேங்கட லட்சுமையா போன்றோர் இருந்தார்கள், கைகொடுக்க நிறுவனம் இல்லை. கம்பெனி அரசு ஒரு லட்ச ரூபாய்க்குச் சேகரத்தை வாங்கியது. எச்.எச். வில்சன் 1828இல் கல்கத்தாவில் இரண்டு தொகுதிகளாகப் பட்டியலை வெளியிட்டார். வில்சன் சமஸ்கிருதக்காரர், தென்மொழிகளுக்கு மெக்கன்சியின் பண்டிதர்கள் எழுதித் தந்த சுருக்கங்களையே நம்பினார். பிழைகளுக்குப் பஞ்சமில்லை. சேகரமும் பிரிந்தது: ஒரு பகுதி லண்டனுக்கு, தென்மொழிப் பகுதி சென்னைக்கு. சென்னையில் 1830களின் இறுதியில் வில்லியம் டெய்லர் அதைப் பார்த்தபோது பல தாள்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. மோசமானவற்றைத் தேர்ந்து நகலெடுக்க வைத்தார். பின்னாளில் 1857க்கும் 1862க்கும் இடையே மூன்று தொகுதிகளாக விரிவான பட்டியலும் போட்டார். 1869இல் உருவான அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் அடித்தளம் இதுதான். டெய்லருடைய வேலை வில்சனுடையதைவிட விரிவானது. ஆனால் பிரியுமுன் அந்தச் சேகரம் ஒட்டுமொத்தமாக எப்படி இருந்தது என்று இன்று தெரிய வேண்டுமானால் வில்சனிடம்தான் போக வேண்டும். அவர் திருத்தமான பட்டியலுக்காகக் காத்திருந்தால் அந்த உருவம் நமக்குக் கிடைத்திருக்காது. அவர் தவறுகளைத் திருத்த இருநூறு ஆண்டுகளாக ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். எழுதாமல் விட்டிருந்தால் திருத்த என்ன இருந்திருக்கும்?

இந்தக் கருத்துக்கு அமெரிக்க ஆவணக்காரர்களிடையே 2005இல் ஒரு பெரிய ஆதரவு கிடைத்தது. மார்க் கிரீன், டென்னிஸ் மைஸ்னர் என்ற இருவர், பல்கலைக்கழகக் காப்பகங்களில் நிலுவை மலைபோல் குவிவதற்குக் காரணம் ஆள் பற்றாக்குறை மட்டுமல்ல என்று எழுதினார்கள். ஒவ்வொரு தாளையும் தொட்டு, ஒவ்வொரு கிளிப்பையும் பிடுங்கி, ஒவ்வொரு கடிதத்தையும் வரிசைப்படுத்தியே தீருவோம் என்ற பழக்கம்தான் முக்கியமான காரணம் என்பது அவர்கள் வாதம். தொகுதி அளவில் விவரித்து வாசகருக்குத் திறந்துவிடு, நுணுக்கம் தேவைப்பட்ட இடத்தில் பிறகு பார் என்றார்கள். அது பெரும் விவாதத்தைக் கிளப்பிற்று. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. தட்பவெப்பம் கட்டுப்பாட்டில் உள்ள கிடங்கில் உலோகக் கிளிப் பல காலம் துருப்பிடிக்காது, அதனால் அதைப் பிடுங்கி நேரத்தை வீணாக்காதே என்பது அவர்கள் கட்சி. மினசோட்டாவில் அது சரியாக இருக்கலாம். மின்னி பேயில் ஊசியை விட்டுவைக்க முடியாது. இங்கே விவரிப்பைக் குறைக்கலாம், கைபடுவதைக் குறைக்கக் கூடாது. அங்கிருந்து வரும் கையேடுகளை அப்படியே பின்பற்றும் நம் பயிற்சி வகுப்புகளில் இந்த வேறுபாட்டை யாரும் சொல்வதில்லை.

இனி மறுப்புகள். ஆய்வாளருக்கு நுணுக்கமான பட்டியல்தானே பயன்படும், 'கடிதங்கள், 1921–1934, மூன்று பெட்டி' என்ற வரியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார் என்பது முதலாவது. இதைச் சொல்பவர்கள் ரோஜா முத்தையா நூலகத்தை எடுத்துக்காட்டுவார்கள், அது வலுவான எடுத்துக்காட்டுதான். கோட்டையூரில் ரோஜா முத்தையா தனியொருவராகச் சேர்த்த ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் பிறவும் 1992இல் அவர் மறைந்தபின் சிதறிப்போயிருக்கலாம். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆனால் கப்பலேற்றவில்லை; சென்னையிலேயே வைத்து, நூல் நூலாகப் பன்னாட்டு முறையில் அட்டவணைப்படுத்தி, நுண்படம் எடுக்க வழிசெய்தது. தமிழ் அச்சு வரலாற்றில் இன்று நடக்கும் ஆய்வில் எவ்வளவோ அந்த அட்டவணையின் கொடை. ஆனால் அச்சு நூல் தனித்து நிற்கும் பொருள். அதற்கு ஆசிரியர், தலைப்பு, ஆண்டு உண்டு; ஓரிடத்தில் போட்ட அட்டவணை இன்னோரிடத்தில் உள்ள படிக்கும் பொருந்தும். அலுவலகக் கோப்பு அப்படியல்ல. அதன் பொருள் பக்கத்துக் கோப்பிலும் அது இருந்த வரிசையிலும் கிடக்கிறது. கைதி எண் வரிசையில் இருந்த பதிவுகளை, ஆய்வாளருக்கு வசதி என்று பெயர் வரிசைக்கோ பொருள் வரிசைக்கோ மாற்றினால், மரவில்லைக்கும் தாளுக்கும் இருந்த கயிறு அறுந்துவிடும். தொகுதி அளவுப் பட்டியல் இந்த வரிசையைக் குலைக்காது. யாருடைய அலுவலகம், எந்த ஒழுங்கு என்பதைத்தான் அது முதலில் எழுதும். சிகாகோவின் பணத்துக்கு ஈடான பணம் எல்லாச் சேகரத்துக்கும் வராது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கரடுமுரடான பட்டியல் அறிவியல் முறையல்ல என்று குறைபடுபவர்கள் இங்கேயே புரூக்ஷாபாத்தில் உள்ள புதுவைப் பல்கலைக்கழக வளாகத்தின் கடல் உயிரியல் மாணவர்களைக் கேட்கலாம், அல்லது இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் அந்தமான் மையத்தைக் கேட்கலாம். கடலில் எடுத்த உயிரிக்கு உடனடியாக எழுதுவது எந்த இடம், எந்த நாள், எவ்வளவு ஆழம், யார் எடுத்தது என்பவை மட்டுமே. இனத்தின் பெயர் பல ஆண்டுகள் கழித்து வரலாம், மாறலாம். பெயர் தெரியாத மாதிரி அறிவியலுக்குப் பயன்படும், இடமும் நாளும் தெரியாத மாதிரி ஏறத்தாழக் குப்பை. அவர்களை யாரும் அவசரக்காரர்கள் என்று சொல்வதில்லை.

இரண்டாவது மறுப்பு இன்றைய மோகம்: பட்டியல் எதற்கு, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிடலாமே. மின்னுருவாக்கத்துக்கு நான் எதிரி அல்லன். 2004இல் பிரிட்டிஷ் நூலகம் தொடங்கிய அழியும் நிலை ஆவணங்களுக்கான திட்டம், மூலத்தை நாட்டைவிட்டு வெளியே எடுக்காமல் படியை மட்டும் பகிர்வது என்ற நெறியோடு நல்ல வேலை செய்கிறது. நூலகம் நிறுவனம் ஈழத்து எழுத்துக்குச் செய்திருப்பதும் பெரிது. ஆனால் பட்டியல் இல்லாமல் ஸ்கேன் செய்தால் கிடைப்பது எண் மட்டும் உள்ள லட்சக்கணக்கான படங்கள். பூட்டிய அறையின் குழப்பம் ஹார்டு டிஸ்கில் மறுபடி நிறைந்திருக்கும். புது ஊடகத்தை நம்பி மூலத்தைக் கைவிடும் ஆசைக்கு இந்தியாவிலேயே ஒரு பழைய எச்சரிக்கை உண்டு. 1940களின் இறுதியில் பாதுகாப்பானது என்று அறிமுகமான அசிட்டேட் படச்சுருள் சில ஆண்டுகளிலேயே காடி நாற்றத்தோடு சிதைகிறது என்ற முதல் முறையீடு கோடாக் நிறுவனத்துக்கு இந்திய அரசிடமிருந்துதான் போயிற்று. வெப்பமும் ஈரமும் காரணம். இன்று அதே வெப்பமும் ஈரமும் சர்வர் அறையையும் விடுவதில்லை. சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கடலடி கேபிள் 2020 ஆகஸ்டில் வந்தபிறகு பெரிய கோப்புகளைத் தீவுக்கு வெளியே படியெடுத்து வைப்பது நடைமுறைக்கு வந்திருக்கிறது, அது நல்ல செய்தி. அதற்கும் எதை முதலில் அனுப்புவது என்று யாராவது தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானம் பட்டியலின் கடைசிப் பத்தியில் இருக்கிறது: உடனே கவனி என்று குறித்தவை முதலில்.

ஏசி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள் சிலர். அலுவலக நேரத்தில் ஓடி மாலையில் நிற்கும் ஏசி, இல்லாததைவிடக் கேடு. குளிர்ந்த சுவரிலும் இரும்பு பீரோவிலும் இரவின் ஈரக்காற்று நீராகப் படியும். பெருமளவு டீசல் ஜெனரேட்டரை நம்பும் ஊரில் இருபத்துநான்கு மணிநேரக் குளிரூட்டலை எந்தப் பல்கலைக்கழகமும் பத்தாண்டு தொடர்ந்து நடத்திக்காட்டும் என்று நான் நம்பவில்லை. சுவரிலிருந்து விலக்கிப்போட்ட ரேக், தரையிலிருந்து உயர்த்திய கீழ்த்தட்டு, ஓயாமல் சுழலும் மின்விசிறி, அறைக்கு ஓர் ஈரமானி, மழைமாதங்களில் டீஹியூமிடிஃபயர், அமிலமற்ற அட்டைப் பெட்டி: இவை விளம்பரத்துக்கு உதவாதவை, ஆனால் மின்சாரம் போனாலும் பெரும்பாலும் வேலை செய்பவை. இத்தனையும் வேண்டாம், எல்லாவற்றையும் பிரதான நிலத்துக்கு அனுப்பிவிடலாம் என்ற யோசனையும் உண்டு. டெல்லி பிரதிகள் தப்பியதை நானே மேலே சான்றாகச் சொன்னேன், அதனால் இதை எளிதில் தள்ள முடியாது. ஆயினும் டெல்லியில் தப்பியது படி. மூலத்தை அனுப்பினால் ப்ரீ-42 குடும்பத்துப் பெண் பாட்டன் பெயரைத் தேட விமானச் சீட்டு வாங்க வேண்டியிருக்கும். படி வெளியே போகட்டும், மூலம் இங்கேயே இருக்கட்டும். கட்டடம் மட்டும் சிப்பிகாட் போன்ற தாழ்நிலத்தில் வேண்டாம், மின்னி பேயின் கரையோரத்திலும் வேண்டாம்.

சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. உதிரும் தாளைக் கண்டதும் ஏதாவது செய்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். டெல்லியில் உருவாக்கப்பட்டு நாடெங்கும் பரவிய, செல்லுலோஸ் அசிட்டேட் தகட்டை அசிட்டோன் தடவி ஒட்டும் லேமினேஷன் முறை ஒரு தலைமுறைக்குப் பெருமையாக இருந்தது. இன்று அதைப் பிரித்தெடுப்பதே பழுதுபார்ப்பவர்களின் தலைவலி. திரும்பப் பெற முடியாத சிகிச்சையைச் சேகரம் முழுவதையும் அறியுமுன் தொடங்கக் கூடாது. பெட்டியில் போட்டு வைப்பதைத் திரும்பப் பெறலாம்.

எனக்கு எளிதில் பதில் சொல்ல முடியாத மறுப்பு, திறப்பது பற்றியது. வேகமாகப் பட்டியலிட்டுத் திறந்துவிட்டால், காட்டக் கூடாதவையும் வெளியே வரும். பிரிட்டிஷ் அதிகாரி போர்ட்மேன் 1890களில் அளவுகோல் முன் நிறுத்தி எடுத்த அந்தமானியர் படங்கள் உலக அருங்காட்சியகங்களில் கிடக்கின்றன. படத்தில் உள்ளவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டதில்லை. பழங்குடியினரைக் காக்கும் 1956 ஒழுங்குவிதி இன்று அவர்கள் வாழும் காட்டுக்குள் கேமராவோடு போவதைத் தடுக்கிறது, காப்பக அலமாரியில் உள்ள படத்தைப் பற்றி அது பெரிதாகப் பேசுவதில்லை. குற்றத்தின் பெயரால் இங்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் இப்படியொரு தயக்கம் இருக்க நியாயம் உண்டு. என் பதில் அரைகுறையானதுதான்: பட்டியலில் ஏற்றுவது வேறு, திறப்பது வேறு. என்ன இருக்கிறது என்றே தெரியாத நிறுவனத்தால் எதையும் மூடிக்காக்க முடியாது. ஒருநாள் யாரோ ஒரு பெட்டியை மொத்தமாக ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றும்போதுதான் அதற்குள் இருந்தது தெரியவரும். தொகுதி அளவுப் பட்டியலில் 'உடலளவைப் படங்கள், பார்வைக்கு இல்லை' என்ற வரி இருந்தால் காவலும் அங்கேயே தொடங்கும். எவற்றைத் திறக்கலாம் என்பதை நூலகர் தனியாகத் தீர்மானிக்கக் கூடாது, சம்பந்தப்பட்ட சமூகத்தாரும் உட்கார வேண்டும். அந்தப் பேச்சுக்கு ஆண்டுகள் ஆகலாம், ஆகட்டும்.

ஊர்ப்பெயர்கள் மாறுவதும் பட்டியலாளருக்கு ஒரு சில்லறைத் தொல்லை. ராஸ் தீவு 2018இன் இறுதியில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு ஆனது. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. கோப்பின் மேல் உள்ள பெயரை அப்படியே எழுதி, இன்றைய பெயரைப் பக்கத்தில் போடுவதோடு வேலை முடிந்தது. இதற்கெல்லாம் குழு அமைக்க வேண்டாம்.

ஆளுக்கு எங்கே போவது என்பார்கள். தேசிய ஆவணக் காப்பகம் டெல்லியில் பயிற்சி தருகிறது, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித் துறை உண்டு. பயிற்சியைவிடப் பணியிடத்தை வகுக்கும் விதத்தில்தான் எனக்குக் குறை. பட்டியலாளர் ஒருவர், பராமரிப்பு உதவியாளர் ஒருவர் என்று இரண்டு பதவிகளாக அனுமதி வருகிறது, இருவரும் இரு மாடிகளில் உட்காருகிறார்கள். பட்டியலாளர் ஈரத்தைக் கண்டாலும் அது தன் வேலையில்லை என்று கட்டி வைக்கிறார். உதவியாளர் பெட்டியை மாற்றும்போது வரிசை மாறியதைக் குறிக்க அவரிடம் பதிவேடு இல்லை. எங்கள் பிரிவில் ஒரே மேசையில் தூரிகையும் பென்சிலும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று வைத்திருந்தேன். அவிழ்ப்பவரே துடைத்து, ஊசி எடுத்து, எழுதி, பெட்டியில் இடுவார். வேகம் குறையும் என்று பயந்தவர்கள் உண்டு. ஒவ்வொரு கட்டையும் இரண்டு பேர் இரண்டு முறை அவிழ்ப்பது நின்றதால் வேகம் கூடத்தான் செய்தது.

இந்தத் தீவுகளுக்கென்று ஒரு பல்கலைக்கழக ஆவணப் பிரிவு முழு அளவில் அமையுமானால், அதன் முதல் பட்டியல் தன் அலமாரிகளோடு நின்றுவிடக் கூடாது என்று நினைக்கிறேன். போன பதிவேடுகளின் இடத்தை ஓரளவேனும் நிரப்பக்கூடியவை வீடுகளில் இருக்கின்றன: நிலப்பட்டா, பள்ளிச் சான்றிதழ், கப்பல் சீட்டு, ஊருக்கு எழுதித் திரும்பி வந்த கடிதம். அவற்றைக் கொடு என்று கேட்கும் உரிமை எந்த நூலகத்துக்கும் இல்லை, கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் வேண்டாம். வீட்டுக்கு ஒரு பெட்டியும் ஈரம் உறிஞ்சும் சில பொட்டலமும் கொடுத்து, இந்தக் குடும்பத்திடம் இன்ன ஆண்டின் இன்ன தாள் இருக்கிறது என்று ஒரு வரி எழுதிக்கொள்ளச் சம்மதம் கேட்கலாம். பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்றால் எண் போதும். சிலர் மறுப்பார்கள், சிலர் முதலில் பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று கேட்பார்கள்.